பார்க்காமல் எழுதிய தொண்ணூற்று மூன்று

ஓய்வு பெற்ற நர்ஸுக்கு போன் வந்தால் இரண்டே காரணம்தான் இருக்கும். சொந்தக்காரர் யாருக்காவது ஊசி போட வேண்டும், அல்லது பழைய ஆஸ்பத்திரியில் நான் எடுத்து வைத்த சாமான் எங்கே என்று தெரியவில்லை. போன மாதம் நித்யா கூப்பிட்டபோது இரண்டாவது காரணம் என்றுதான் நினைத்தேன். நித்யா எனக்குப் பிறகு பச்சிளங்குழந்தைகள் வார்டைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர்.

"சிஸ்டர், புதுசா வந்திருக்கிற டாக்டரு, கொறமாச புள்ளைங்களுக்கு மொத நாள்லேர்ந்தே கொஞ்சூண்டு ஸ்டீராய்டு குடுக்கலாமான்னு பேசிக்கிட்டிருக்காரு. வேற மருந்தாம், ரொம்ப சின்ன டோஸாம். சின்னப் பொண்ணுங்களுக்கெல்லாம் ஒரே கொழப்பமா இருக்குது. நீங்க ஒரு நாள் வந்து பேசுங்களேன்."

"நான் வந்து என்னடி பேசறது? டாக்டரே பேசட்டும்."

"மருந்தப் பத்தி அவரு பேசுவாரு. நீங்க தேன்மொழி கதைய சொல்லுங்க."

அந்தக் கதையில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள், கள்ளி. போய்ச் சொன்னேன். சொல்லி முடித்து வீட்டுக்கு வந்ததும், வாயால் சொன்னதை எழுதியும் வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கடலூரில் நர்ஸிங் படித்தது, முதல் ஊசி போடும்போது எனக்கே மயக்கம் வந்தது, கல்யாணமாகி விருத்தாசலத்துக்கு வந்தது, வீட்டுக்காரர் பீங்கான் கம்பெனியில் மண் அரைக்கும் பகுதியில் வேலை பார்த்தது, இதெல்லாம் இரண்டு வரியில் அடங்கிவிடும். அடங்கிவிட்டது, பாருங்கள். ஊரில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அங்கேயே தலை நரைத்தது. போன வருஷம் மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். நான் சேர்ந்த காலத்தில் குறைமாதக் குழந்தைகளுக்கென்று எங்களிடம் இருந்தது பல்பு எரியும் ஒரு மரப்பெட்டி, ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டர், நிறைய ஜெபம். டாக்டரம்மா வந்த பிறகுதான் அது ஒரு வார்டாக ஆனது.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்லாமல் எதையும் சொல்ல முடியாது. ஐந்தடிகூட இருக்க மாட்டார். பருத்திப் புடவை, கையில் வளையல் கிடையாது, காலில் ரப்பர் செருப்பு. வார்டில் ஓர் உயரமில்லாத ஸ்டீல் ஸ்டூல் இருந்தது. ரவுண்ட்ஸ் வரும்போது அதைக் காலால் தள்ளிக்கொண்டே வந்து, ஒவ்வொரு குழந்தையின் பக்கத்திலும் உட்காருவார். நின்றுகொண்டு குழந்தை பார்க்கிற டாக்டர்களை அவருக்குப் பிடிக்காது. குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அவருக்கும் சேர்த்து நான் கத்திவிடுவேன். சகாயமேரி கத்தினால் பக்கத்து ஊர் மங்கலம்பேட்டையில் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்குவார்கள் என்று வார்டில் கேலி உண்டு.

குழந்தைகளிடம் அவர் மரியாதை கொடுத்துத்தான் பேசுவார். ஒரு கிலோகூட இல்லாத உருப்படியைப் பார்த்து, "இந்தம்மாவுக்கு இன்னிக்கு என்ன கோவம்? ஏன் மூச்ச அடக்கிக்கிட்டிருக்காங்க?" என்று கேட்பார். சிரிப்பு வரும். ஆனால் 'நீங்க', 'வாங்க' என்று கூப்பிட்ட பிள்ளையை முரட்டுத்தனமாகத் தூக்க யாருக்கும் கை வராது. அதற்காகத்தான் அப்படிப் பேசினார் என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

எங்களிடம் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "என்ன பாத்த?" அவர் வந்த புதிதில், "நல்லாருக்குதும்மா" என்று சொல்லிவிட்டேன். "நல்லாருக்குதுங்கறது தீர்ப்பு, சகாயம். அத நான் சொல்லிக்கிறேன். நீ பாத்தத சொல்லு" என்றார். மூச்சு நிமிஷத்துக்கு எத்தனை, விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுக்கிறதா, மூக்கு விடைக்கிறதா, முனகல் உண்டா. இதைத்தான் சொல்ல வேண்டும். பழகுவதற்கு எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலுக்கு முதல் உதவி தாய்க்குப் போடும் ஊசியிலிருந்து ஆரம்பிக்கிறது. பிரசவம் முந்திக்கொள்ளும் என்று தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் நுரையீரல் அதனால் சீக்கிரம் பக்குவப்படும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. திட்டக்குடியிலிருந்தும் வேப்பூரிலிருந்தும் தாய்மார்களை அனுப்பும்போது அங்கேயே முதல் ஊசியைப் போட்டு அனுப்பச் சொல்லி டாக்டரம்மா கெஞ்சாத கிராம நர்ஸ் கிடையாது. போட்டும் அனுப்பினார்கள். ஆனால் எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று எழுதிய சீட்டு மட்டும் வந்து சேராது. பஸ் ஸீட்டில் கிடக்கும், இல்லாவிட்டால் புருஷன் சட்டைப் பையில் இருக்கும், புருஷன் ஊரில் இருப்பான்.

டாக்டரம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். ஊசி போட்ட நேரத்தைத் தாயின் முன்கையிலேயே பேனாவால் எழுதிவிட வேண்டும். "சீட்டு தொலையும். கையி எங்க தொலையும்?" அன்றிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கும் கர்ப்பிணியின் கையைத் திருப்பிப் பார்ப்பது என் வேலை. அந்தச் சின்ன யோசனையால் மூச்சுத் திணறல் இல்லாமல் பிழைத்த பிள்ளைகளை நான் என் கையால் துணி சுற்றிக் கொடுத்திருக்கிறேன். அவருடைய மூளையை நினைத்து நான் மலைத்துப்போன நாட்கள் அவை.

தேன்மொழி கையில் ஒரே ஒரு நேரம்தான் எழுதியிருந்தது.

பீங்கான் கம்பெனியில் பொம்மைக்குக் கண் எழுதுகிற பெண். ஏழாவது மாதம். வேலை செய்துகொண்டிருந்தபோதே பனிக்குடம் உடைந்துவிட்டது. முதல் ஊசி போட்ட நான்கு மணி நேரத்தில் பிரசவமாகிவிட்டது. பெண் குழந்தை, தொள்ளாயிரத்து எண்பது கிராம். அதற்கு முன் இரண்டு கர்ப்பம் தங்காமல் போயிருந்தது. புருஷன் ரவி அதே கம்பெனியில் சூளையில் சரக்கு அடுக்குகிறவன். வார்டு வாசலில் நின்று, தலையில் இருந்த வெள்ளைத் தூசியைக்கூடத் துடைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்குப் பாவமாக இருந்தது. அதனாலேயே, "வழியில நிக்காத, போ அந்தாண்ட" என்று அதட்டினேன்.

குழந்தைக்கு நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் குழாய் வழியாக மருந்து விட்டோம். அதன் பிறகு மூக்கில் சின்னக் குழாய் வைத்து, காற்றை லேசான அழுத்தத்தோடு அனுப்பும் மெஷினில் போட்டோம். அந்த மெஷினில் ஒரு திருகு உண்டு. நாம் மூச்சு விடும் காற்றில் இருப்பது நூற்றுக்கு இருபத்தொரு பங்கு ஆக்ஸிஜன். திருகைத் திருப்பத் திருப்ப அது முப்பது, நாற்பது, நூறுவரை ஏறும். குழந்தையின் காலில் கட்டியிருக்கும் சிவப்பு விளக்கு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று மானிட்டரில் காட்டும். அது தொண்ணூறுக்கும் தொண்ணூற்றைந்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் ஆபத்து. கூடினாலும் ஆபத்து. அதிகமான ஆக்ஸிஜன் பிஞ்சு நுரையீரலைப் புண்ணாக்கும், கண்ணையும் கெடுக்கும். திருகில் நாம் வைக்கும் எண்ணையும் மானிட்டர் காட்டும் எண்ணையும் மணிக்கு ஒரு முறை தாளில் எழுத வேண்டும்.

இங்கேதான் எங்கள் வார்டின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஒரு ஷிப்டிலிருந்து அடுத்த ஷிப்டுக்குப் பிள்ளையைக் கைமாற்றும்போது மானிட்டர் கத்திக்கொண்டிருக்கக் கூடாது. கத்தினால், "என்ன சிஸ்டர், இப்படி வெச்சிருக்கீங்க" என்று வருகிறவள் கேட்பாள். மானம் போய்விடும். அதனால் டியூட்டி முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் திருகை இரண்டு பங்கு கூட்டி வைப்போம். வருகிறவள் அதைக் குறைக்க மாட்டாள். முந்தியவள் காரணமாகத்தான் வைத்திருப்பாள் என்று நினைப்பாள், அவளும் தன் பங்குக்கு இரண்டு கூட்டிவிட்டுப் போவாள். அளவு கூடினால் அடிக்கிற அலாரத்தை டாக்டரம்மா தொண்ணூற்றாறில் வைத்திருப்பார். அது ஓயாமல் அடிக்கிறதென்று நான்தான் நூறுக்குத் தள்ளிவிட்டேன். தாளில் என்ன எழுதினோம்? எழுத வேண்டியதை எழுதினோம். தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று நான்கு, மறுபடியும் தொண்ணூற்று மூன்று. மானிட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கை தானாக எழுதும். பிள்ளை சிவப்பாக இருந்தால் போதும், நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. அத்தனை பேருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

தேன்மொழியின் பெண்ணுக்கு ஆறாம் நாள். அந்த வாரம் திட்டக்குடியிலிருந்து வந்த இரட்டைப் பிள்ளைகளுக்காக டாக்டரம்மா ஓடிக்கொண்டிருந்தார். எங்கள் பெண்ணுக்கு முப்பதில் இருந்த ஆக்ஸிஜன் ஐம்பதுக்கு ஏறி இரண்டு நாளாகிவிட்டது. ரவுண்ட்ஸ் நேரத்தில் துணி மாற்றுவோம், புரட்டுவோம். தொட்டாலே அந்தக் குழந்தைக்கு அளவு இறங்கும். அதனால் டாக்டரம்மா பார்க்கும்போதெல்லாம் மானிட்டரும் தாளும் ஒத்துப்போயின. எக்ஸ்ரேயில் நுரையீரல் மங்கலாகத் தெரிந்தது. பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேசினார். அங்கே கட்டில் காலி இல்லை. ஐம்பதிலேயே நின்றால் குழந்தைக்கே ஸ்டீராய்டை ஆரம்பித்துவிடுங்கள் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னாராம்.

டாக்டரம்மா தேன்மொழியை உட்காரவைத்து விளக்கினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"பாப்பாவோட நுரையீரல் புண்ணாகி வீங்கியிருக்குதும்மா. இந்த மருந்து வீக்கத்த கொறைக்கும். குடுக்கலன்னா தொண்டைக்குள்ள கொழா போட்டு பெரிய மெஷின்ல போடவேண்டி வரலாம். அது இன்னும் புண்ணாக்கும். ஆனா பொறந்த மொத வாரத்துல இந்த மருந்த குடுத்தா மூளை வளர்ச்சிய தொந்தரவு பண்ணலாம். பின்னாடி கையி காலு வெறைப்பா போயி, நடக்க முடியாம ஆகலாம். எல்லாருக்கும் ஆகாது. ஆகாதுன்னு என்னால சத்தியம் பண்ணவும் முடியாது."

டாக்டரம்மா போனதும் தேன்மொழி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், உங்க புள்ளையா இருந்தா போடுவீங்களா?"

யோசிக்கக்கூட இல்லை நான். "கண்ண மூடிக்கிட்டு போடுவேன். பேசாம கையெழுத்துப் போடு" என்றேன். போட்டாள்.

மருந்தை எடுக்கப் போனேன். அந்த எடைக்கு உரிய அளவு ஒரு சொட்டுக்கும் கீழே. நீர்த்து, மறுபடி நீர்த்து, இன்சுலின் சிரிஞ்சில் ஏற்ற வேண்டும். தாளில் நேரத்தை எழுதுவதற்காகத் திரும்பியபோது மானிட்டர் கண்ணில் பட்டது. தொண்ணூற்று எட்டு. தாளில் அரை மணிக்கு முன்னால் என் கையெழுத்தில் தொண்ணூற்று மூன்று. அதற்கு மேலே என் கையெழுத்து. அதற்கும் மேலே நான் பழக்கிய பெண்களின் கையெழுத்து. எல்லாமே தொண்ணூற்று மூன்று.

ஐம்பது அந்தப் பிள்ளை கேட்டது இல்லை, நாங்கள் திணித்தது. அந்த ஐம்பதை வைத்துத்தான் மூளையைத் தொடக்கூடிய மருந்தை ஏற்றப்போகிறோம்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்த யோசனை திருகைச் சத்தமில்லாமல் குறைத்துவிடலாம் என்பதுதான். இரண்டு மணி நேரத்தில் முப்பதுகளுக்குக் கொண்டுவந்துவிட்டு, "இந்தம்மா தேறிட்டாங்கம்மா" என்று சொன்னால் டாக்டரம்மா சந்தோஷமாக மருந்தை நிறுத்திவிடுவார். என் மானமும் போகாது. திருகில் கைகூட வைத்துவிட்டேன். குழந்தை அந்த நேரம் பார்த்துக் கொட்டாவி விட்டது. சுண்டுவிரல் நகம் அளவு வாய். என்னை நம்பிக்கொண்டு படுத்திருக்கிற பிள்ளையிடம் இன்னொரு பொய்யா என்று இருந்தது. சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அலாரத்தையும் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேற யாரோட கையெழுத்தா இருந்திருந்தாலும் நான் கொஞ்ச நேரம் ஒக்காந்து பாத்திருப்பேன், சகாயம். உன் கையெழுத்துன்னுதான் பாக்காம நம்பிட்டேன்."

இத்தனை வருஷ வேலையில் எனக்கு விழுந்த அடி அது ஒன்றுதான். இன்றைக்கு நினைத்தாலும் முகம் சூடாகிறது.

எழுந்தார். ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு போய்க் குழந்தையின் பக்கத்தில் போட்டார். எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்தார். "நீ பாத்து வாய்விட்டு சொல்லு. நான் எழுதறேன்." டாக்டர் உட்கார்ந்து நர்ஸின் தாளில் எழுதுவதை அன்றுதான் பார்த்தேன்.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். ஐம்பதிலிருந்து நாற்பத்தெட்டு. இருபது நிமிஷம் காத்திருந்தோம். தொண்ணூற்றேழு என்றேன், எழுதினார். நாற்பத்தாறு. மறுபடியும் இருபது நிமிஷம். யாரும் குழந்தையைத் தொடக் கூடாது, பேசக் கூடாது, மேலே விழும் வெளிச்சத்தைக்கூடத் துணி போட்டு மறைத்துவிட்டார். எண் மட்டும் பார்த்தால் போதாது என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சைப் பார்க்கச் சொன்னார். இழுப்பு கூடுகிறதா, மூக்கு விடைக்கிறதா. நாற்பதில் தொண்ணூற்று நான்கு. முப்பத்தாறில் தொண்ணூற்று இரண்டு. முப்பத்து நான்குக்கு இறக்கியதும் எண் சரிந்தது. எண்பத்தொன்பது, எண்பத்தாறு. என் கை திருகுக்குப் பறந்தது. "இரு, எவ்வளவு வேணும்னு அவங்களே சொல்றாங்க பாரு" என்று சொல்லி, அவரே மெதுவாக முப்பத்தாறுக்குத் திருப்பினார். எண் ஏறித் தொண்ணூற்று ஒன்றில் நின்றது. மத்தியானம் ஒரு மணி ஆகியிருந்தது. இரண்டு பேரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"முப்பத்தாறு," என்றார். "இன்னிக்கு மருந்து வேணாம்."

சிரிஞ்சைக் கொட்டச் சொன்னார். பழைய தாளைக் கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். அதன் அடியிலேயே, மேலே உள்ள எண்கள் மானிட்டரைப் பார்த்து எழுதியவை இல்லை என்று என்னையே எழுதச் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பக்கத்தில், தானும் சரிபார்க்கவில்லை என்று எழுதி அவரும் கையெழுத்துப் போட்டார். "வா, அந்தப் பொண்ணுகிட்ட போவோம். கையெழுத்துப் போடச் சொன்னது நீதானே, நீயே சொல்லு" என்றார்.

தேன்மொழி பால் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா எனக்குப் பின்னால் நின்றார். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கம்பெனில ஒருத்தன் இருந்தான் சிஸ்டர். சூள மீட்டர பாக்காமலே நோட்டுல டிகிரி எழுதி வெப்பான். ஒரு தடவ சூடு ஏறிப்போயி மொத்த லோடும் வெடிச்சிப்போச்சி. நான் கண்ணு எழுதின பொம்மைங்க." கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அது பொம்ம சிஸ்டர். இது என் பொண்ணு."

ஊரையே கத்தி அடக்குகிற சகாயமேரி, அந்தப் பெண்ணின் காலடியில் தரையில் உட்கார்ந்து அழுதேன். மன்னித்துவிடு என்றேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இனிமே அந்த நம்பர நான் பாக்கலாமா?"

"நீங்க பாருங்க," என்றார் டாக்டரம்மா, ஒரு நொடிகூடத் தயங்காமல். "நீங்க படிங்க, அவங்க எழுதட்டும்."

மறுநாளிலிருந்து தேன்மொழி வார்டுக்குள்ளேயே உட்கார்ந்தாள். குழந்தையைத் துணியில்லாமல் தன் நெஞ்சோடு ஒட்டவைத்து, மேலே போர்த்திக்கொண்டு, மானிட்டரைப் பார்த்தபடி சாய்ந்திருப்பாள். பொம்மைக்குக் கண் எழுதுகிறவளின் பார்வை, மயிரிழை பிசகினாலும் தப்பாது. "தொண்ணூத்தி ஏழு வந்துடிச்சி சிஸ்டர்! அதக் கொஞ்சம் கொறைங்க!" என்று குரல் வரும். என் பெண்கள், மாமியார் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்தார்கள். "வாய மூடிக்கிட்டு கொறைங்கடி" என்றேன். ஒரு வாரத்தில் மற்ற தாய்மார்களும் எண்ணைப் படிக்க ஆரம்பித்தார்கள். மங்கலம்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண், துபாயில் இருந்த புருஷனுக்கு போனிலேயே மணிக்கொரு தரம் எண் சொல்லுவாள். தாய் படிக்க நர்ஸ் எழுதுவது எங்கள் வார்டின் சட்டமாகிவிட்டது. டாக்டரம்மா இதற்கென்று ஒரு மீட்டிங் போடவில்லை, ஒரு உத்தரவு எழுதவில்லை. ஒரு தாயின் கோபத்தை அப்படியே எடுத்து வேலைமுறையாக மாற்றிவிட்டார். வேறு டாக்டராக இருந்தால் அன்றைக்கு அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பியிருப்பார்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நான் கொடுத்துவைத்தவள்.

பதினேழாம் நாள் எண்கள் நிஜமாகவே ஏறத் தொடங்கின. முப்பத்தாறு நாற்பத்தைந்தானது, அடுத்த நாள் ஐம்பத்தைந்து. இந்த முறை எண்ணைப் படித்தவள் தாயேதான், சந்தேகப்பட ஒன்றும் இல்லை. குழந்தை மூச்சுக்கு மூச்சு நெஞ்சுக்குழியை உள்ளே இழுத்தது. கிருமி இருக்கிறதா என்று ரத்தம் பார்த்தார்கள், இல்லை. அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தார்கள், கேட்கவில்லை. டாக்டரம்மா மறுபடியும் ஸ்டூலைப் போட்டு ஒரு காலை முழுவதும் உட்கார்ந்திருந்தார். பிறகு தேன்மொழியையும் ரவியையும் கூப்பிட்டார்.

"அன்னிக்கு வேணாம்னு சொன்ன மருந்து இன்னிக்கு வேணும். மொத வாரத்துல இருந்த அளவுக்கு பயம் இப்ப இல்ல. ஆனா பயமே இல்லன்னு சொல்ல மாட்டேன். கம்மியான அளவுல ஆரம்பிச்சி, பத்து நாள்ல கொஞ்சங் கொஞ்சமா கொறைச்சி நிறுத்திடுவோம். குடுக்கலன்னா நாளைக்குள்ள மூச்சு விட்டே களைச்சிப்போயிடுவாங்க."

தேன்மொழி என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப சொல்லுங்க சிஸ்டர். உங்க புள்ளையா இருந்தா?"

அந்தக் கேள்வியை என்னிடம் மறுபடி கேட்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்கு அந்தத் தகுதி போய்விட்டது என்று நினைத்திருந்தேன். போய்க் குழந்தையின் பக்கத்தில் நின்றேன். ஒரு நிமிஷம் முழுதாக மூச்சை எண்ணினேன். எண்பத்திரண்டு. கழுத்துக்குக் கீழே குழி விழுந்தது. மூக்கு விடைத்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பார்த்ததை அவளிடம் சொன்னேன்.

"போடுவேன் தேனு. பயந்துகிட்டேதான் போடுவேன். ஆனா போடுவேன்."

பேனாவை வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பத்து நாளும் மருந்தை நானே ஏற்றினேன், வேறு யாரையும் தொட விடவில்லை. சர்க்கரை ஏறுகிறதா, ரத்த அழுத்தம் ஏறுகிறதா, வயிறு உப்புகிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். மூன்றாம் நாள் தேன்மொழி, "நாப்பது... முப்பத்தெட்டுலயும் தொண்ணூத்தி மூணு நிக்குது சிஸ்டர்" என்று கிசுகிசுத்தாள். சத்தமாகச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம். இரண்டாம் வாரம் திருகு இருபத்தொன்றுக்கு வந்துவிட்டது. நமக்கெல்லாம் கிடைக்கிற சும்மா காற்று. மூக்குக் குழாயைக் கழற்றிய அன்று அந்த மூஞ்சியை முழுசாகப் பார்த்தோம். "அப்பா மாதிரியே மொறைக்குது" என்றேன். ரவி முதல் தடவையாகச் சிரித்தான். ஒரு கிலோ எண்ணூறு கிராமில் வீட்டுக்குப் போனாள். இன்பா என்று பெயர் வைத்தார்கள்.

மருந்து நுரையீரலுக்குச் செய்ததைப் பத்தே நாளில் பார்த்துவிட்டோம். மூளைக்கு ஏதாவது செய்ததா என்பது தெரிய ஒன்றரை வருஷம் காத்திருக்க வேண்டும். ஸ்டீராய்டு கொடுத்த பிள்ளை நடக்கிறவரை நம் பிள்ளை என்பது டாக்டரம்மாவின் சட்டம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லுவார். வராவிட்டால் என்னை பஸ் ஏற்றி அனுப்பிவிடுவார். இன்பா தவறாமல் வந்தாள். கழுத்து நின்றது, உட்கார்ந்தாள், தவழ்ந்தாள், எல்லாமே கொஞ்சம் தாமதமாக. பிறக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணினால் பதினேழு மாதம் ஆகியும் நடை வரவில்லை. "வூட்ல செவுத்த புடிச்சிக்கிட்டு போவுது, கைய வுட்டா ஒக்காந்துடுது" என்று சொல்லும்போது தேன்மொழியின் முகம் இருண்டுவிடும். எனக்குத் தூக்கம் போய்விட்டது. போடுவேன் என்று சொன்ன வாய் என்னுடையது.

அந்தச் செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா இன்பாவைப் பாயில் உட்காரவைத்து, விறைப்பு உண்டா என்று கணுக்காலை மடக்கி மடக்கிப் பார்த்தார். மறுபடி மடக்கினார். எழுப்பி நிறுத்தினால் சட்டென்று உட்கார்ந்துகொண்டாள். பிஸ்கட்டைக் காட்டினேன், சாவிக்கொத்தை ஆட்டினேன், கைதட்டினேன், எனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடினேன். அவள் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். டாக்டரம்மாவும் தரையில் இறங்கி எதிரே உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரம் போனது.

தேன்மொழிக்குப் பொறுமை போய்விட்டது. பயம்தான், கோபமாக வந்தது. "மத்தியானம் நான் வேலைக்குப் போவணும். நீ இங்கயே ஒக்காந்திரு. நா போயிட்டு வரேன்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

இன்பா கதவைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. இரண்டு கையையும் தரையில் ஊன்றினாள், பின்பக்கத்தைத் தூக்கினாள், தள்ளாடி நிமிர்ந்தாள். பிடிப்பதற்கு எதுவும் இல்லை. நான் எழப்போனேன், டாக்டரம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். இன்பா ஒரு காலை எடுத்து வைத்தாள். அடுத்த கால். குதிகால் தரையில் பதிந்தது, விறைப்பு இல்லை. அப்புறம் நடந்தாள். கையை விரித்துக்கொண்டு, "ம்மா" என்று வீறிட்டுக்கொண்டே நடந்து, வாசலைத் தாண்டினாள். வெளியே சுவரோடு ஒட்டி, வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்த தாயின் காலில் போய் மோதினாள். மோதி, இரண்டு கையாலும் அவளை அடி அடி என்று அடித்துக்கொண்டு, மூச்சு வாங்கக்கூட நிறுத்தாமல் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி அழுதாள்.

நர்ஸுகள் ஓடி வந்தார்கள். ஒருத்தி தூக்கப்போனாள். டாக்டரம்மா தரையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாரும் சமாதானப்படுத்தாதீங்க," என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் அழட்டும்."